சூசாவில் அணையாத ஒரே சூளை

மாமன்னர் தாரியுஸ் இறந்துபோன செய்தி சூசா நகருக்கு வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. கோட்டை வாசலில் குதிரைக்காரன் சொன்னது சூளைத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பாரசீகர் வீடுகளில் அடுப்புகள் அவியத் தொடங்கிவிட்டன. மன்னர் இறந்தால் அடக்கம் முடியும் வரை அவர்கள் வீட்டில் நெருப்பு இருக்காது.

ரிமூத் அப்போது சூளைக்கு எதிரே உட்கார்ந்து மஞ்சள் பூச்சைக் கரைத்துக்கொண்டிருந்தார். அரண்மனைச் சுவரில் வரிசையாக நடக்கும் சிங்கங்களில் கடைசிச் சிங்கத்தின் செங்கற்கள் உள்ளே வெந்துகொண்டிருந்தன. வால் நுனிக் கல் மட்டும் முந்தின சூட்டில் வெடித்துவிட்டதால், வேறொரு கல்லில், ஊற்றப்போகும் மஞ்சள் வழியாமலிருக்கக் கறுப்புக் கோடு கட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார். விடியும் வரை தீ சீராக எரிய வேண்டும். நடுவில் அடங்கினால் பூச்சு கொப்புளித்து, சிங்கம் சொறிநாயாகிவிடும். ஓராண்டு உழைப்பு மண்ணோடு மண்.

அவர் பாபிலோன்காரர். இளவயதில் அரண்மனை வேலைக்கென்று கூட்டமாக ஓட்டிவரப்பட்டவர். வழியெல்லாம் மன்னரைச் சபித்துக்கொண்டே வந்தார். பாபிலோன் கலகத்தில் அவருடைய சித்தப்பாவைக் கழுவேற்றியது இதே மன்னர்தான். வந்த அன்று பகதாத்தா என்ற பாரசீக மேற்பார்வையாளர், "எந்தச் சாமி மேல சத்தியம் பண்ற?" என்று கேட்டார்.

"எங்க பேல் மேலதான்" என்றார் ரிமூத், மிரண்டுபோய்.

"சரி, அவரு மேலயே பண்ணு. நாளைக்கு நீ ஓடிப்போனா அவருகிட்டயே முறையிட்டுக்கிறோம்."

பிறகு பேலின் திருநாளுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்தே பார்லி வந்தது. ரிமூத் ஏலாம் நாட்டு நாபிராசுவைக் கல்யாணம் கட்டினார். அவள் சாமிக்கும் அதே களஞ்சியம் படியளந்தது. சித்தப்பாவை அவர் மறக்கவில்லை. ஆனாலும், "எதுத்து நின்னா எமன். இல்லன்னா நம்ம வீட்டுக்குள்ள எட்டிப் பாக்காத ராஜா. அதனாலதான்யா இத்தன நாடும் அவர்கிட்ட தங்குச்சு" என்று சொல்வார்.

செய்தியைக் கேட்டதும் அழுகை வந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?" என்று நாபிராசு ஓடிவந்தாள்.

"ஊரே அணைக்குது. நான் மட்டும் எரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"அப்ப சிங்கம்?"

"போகட்டும்."

அவள் சூளை வாய்க்கு முன்னால் கையை விரித்து நின்றாள். அந்த நேரம் பார்த்து, துக்கத்துக்குத் தலையை மழித்துக்கொண்ட பகதாத்தா தெருவில் வந்தார். குடத்தைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"அடப் பாவி! நெருப்பு மேல தண்ணியா!"

பாய்ந்து குடத்தைப் பிடுங்கினார். இருவரும் இழுத்ததில் குடம் சரிந்து தண்ணீர் முழுக்க மஞ்சள் பூச்சுக் கிண்ணத்தில் கொட்டி, மீதியிருந்த மஞ்சள் அத்தனையும் வழிந்தோடியது.

"மரியாதைக்குத்தாங்க…" என்றார் ரிமூத்.

"மரியாதையாம்! நாங்க தானா அடங்கட்டும்னு விறகு போடாம விடுவோம்யா. தண்ணி ஊத்துறது எங்களுக்கு மகா பாவம். எங்க நெருப்பக் கும்பிடுன்னு அவரு உன்கிட்ட என்னைக்காவது சொன்னாரா?"

"இல்லீங்க."

"உசுரோட இருந்தப்பக் கேக்காதவரு செத்தப்புறம் கேப்பாரா? உங்க ஊர்ல எப்படி அழுவீங்க?"

"சட்டையக் கிழிச்சுக்கிட்டு."

"அப்படி அழு. சூளை எரியட்டும். யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"பழைய சட்டையா பாத்துக் கிழிங்க" என்றாள் நாபிராசு.

அன்று மாலை பாரசீகர் வீடுகளில் புகையே இல்லை; சூளையில் மட்டும் எழுந்தது. பகதாத்தா பேரீச்சம்பழமும் ஆறின ரொட்டியும் கொண்டுவந்து, சூளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்; மூவருமாகத் தின்றார்கள். ரிமூத் விறகு போட எழுந்தபோது, "நல்லா எரியுதா?" என்று பகதாத்தா திரும்பாமலே கேட்டார்.

"எரியுதுங்க."

சிங்கம் பழுதில்லாமல் வெந்து வந்தது. இன்றும் சுவரில் நடக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ரிமூத் கண்ணை மூடியபோது பகதாத்தா தம் சட்டையைக் கிழித்துக்கொண்டு அழுதார். பழைய சட்டைதான்.

மஞ்சள் பொடி மறுபடி வருவதற்குள் கொத்தர்கள் வால் நுனியைக் காரையால் பூசி மூடிவிட்டார்கள். ரிமூத் கோடு கட்டிய கல் சூளை மாடத்திலேயே இருக்கிறது. கறுப்புக் கோட்டுக்குள் மஞ்சள் இன்னும் ஊற்றவில்லை.