நேரில் வந்து முறையிடலாம்

நாரின் என்ற மலை நகரில் எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு அறை, ஒரு கரியடுப்பு, இரண்டு கணினி, இரண்டு பேர். குழிகளில் காய் போட்டு இருவர் ஆடும் ஒன்பது குழி ஆட்டத்தை இணையத்தில் நடத்தும் தளத்துக்காகக் கள்ள ஆட்டக்காரர்களைப் பிடிப்பது எங்கள் பிழைப்பு. நான் திலேக். இன்னொருவர் நாசிபா எஜே. மூத்த பெண்கள் எல்லாரும் எங்களுக்கு எஜேதான். ஐம்பத்துநான்கு வயது, பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர், கணவர் இல்லை. ஒரே மகன் பெக்தூர் எல்லை தாண்டி நோவோசிபிர்ஸ்க்கில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறான்.

கள்ளம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆட்டத்தை ஒரு நிரலுக்குக் காட்டி, அது சொல்கிறபடி காயைப் போடுவது. முதல் நாள் நான் பத்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தபோது எஜே என் நாற்காலியைத் தட்டினார்.

"காயைப் பாக்காத, கடிகாரத்தப் பாரு. மனுஷன் லேசான காய்க்கு ஒரு நொடி எடுப்பான், கஷ்டமானதுக்கு நாலு நிமிஷம் முழிப்பான். மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணு."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிடித்திருக்கிறோம். வேண்டுமென்றே தோற்று நண்பனை ஏற்றிவிடுகிறவர்கள், புதுப் பெயரில் வந்து கற்றுக்குட்டிகளை அடிக்கிற பழம்புலிகள், இவர்கள் தனி.

தடை விதிக்கப்பட்டவர்கள் முறையிடுவதற்கான விதியை எழுதியதும் எஜேதான். முறையிடுகிறவர் நேரில் வர வேண்டும். அதாவது திரையில் முகம் தெரிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு போன் நின்று கையையும் பலகையையும் காட்ட வேண்டும். மூன்று ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் பரவாயில்லை, நேர்மையாக ஆடினால் போதும். நிராகரித்தால் முப்பது நாள் கழித்து மறுபடி வரலாம். "இந்தச் சடங்குக்கெல்லாம் யாரு எஜே வருவாங்க?" என்று நான் கிண்டல் செய்தேன். நான்கு வருடத்தில் வந்தவர்கள் ஆறு பேர்.

மாலை ஆறு மணிக்கு எஜே தேநீர் ஊற்றிக்கொண்டு தன் சொந்தக் கணக்கில் உட்காருவார். பெக்தூரோடு ஒரு ஆட்டம். மகன் போனில் பேசுவது குறைந்து, இரண்டு நிமிடமாகி, அதுவும் நின்று, இந்த ஆட்டம் மட்டுமே மிஞ்சியிருந்தது. நான் அந்த நேரத்தில் அவரைச் சீண்டுவதில்லை. என்னைப் போன்ற வாயாடிக்கு அது பெரிய தியாகம்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் ஆட்டம் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"உப்ப விட்டுட்டான்" என்றார்.

எதிராளியின் ஒரு குழியில் நம் கடைசிக் காய் விழுந்து அங்கே மூன்று சேர்ந்தால், அந்தக் குழி நம்முடையது. அதற்கு உப்பு என்று பெயர். ஒரு ஆட்டத்தில் ஒரு முறைதான். பொறுத்திருந்து நல்ல குழியாகப் பிடிக்க வேண்டும். பெக்தூருக்கு ஆறு வயதிலிருந்தே அந்தப் பொறுமை கிடையாது. முதல் வாய்ப்பிலேயே பாய்ந்து பிடித்து, பிறகு தோற்று, பலகையைக் கவிழ்த்துவிட்டு அழுவானாம்.

"ரெண்டு தடவ வச்சுப் பாத்தேன் திலேக். ரெண்டு தடவையும் தொடல. நீ அவன் காய் போடற நேரத்த எடு. பேரப் பாக்காத. சொந்தக்காரங்கள நான் தீர்ப்பு சொல்லக் கூடாது."

எடுத்தேன். எழுபது நாள் ஆட்டம். ஒவ்வொரு காய்க்கும் ஒன்பது நொடி. லேசானதற்கும் ஒன்பது, கஷ்டமானதற்கும் ஒன்பது. ஆட்டம் முடிந்ததும் ஒரே வரி: "நல்லா ஆடினீங்க அபா." அபா என்றால் அம்மா. எழுபது நாளும் அதே வரி, எழுத்து மாறாமல். அம்மாவோடு ஆட ஒரு நிரலை உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தான் மகன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"சும்மா விடுங்க எஜே, வீட்டுக்குள்ள நடக்கிற ஆட்டம்" என்றேன்.

"ஏமாத்தினது யாரா இருந்தா என்ன? தடை போடு."

போட்டேன். அரை மணி நேரத்தில் அவர் போன் அடித்தது. திரையில் பெக்தூர் பெயர். அவர் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அது மறுபடி மறுபடி மேசையில் அதிர்ந்தது.

"எடுங்களேன்!"

"போன்னா ரெண்டு நிமிஷம் பேசுவான். முறையிட்டா மூணு ஆட்டம் உக்காரணும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

ஞாயிறு பகல் பதினொன்றுக்குப் பெக்தூர் திரையில் வந்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன். எஜே கேமராவுக்குத் தெரியாமல் அடுப்போரம் இருந்தார். சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான். பையன் இளைத்துப்போயிருந்தான். தாடி. கண்ணுக்குக் கீழே கருப்பு.

"ஷிப்ட் மாத்திட்டாங்க அண்ணே. ஆறு மணிக்கு நான் கிடங்குல நிப்பேன். வரலேன்னு சொன்னா அபா தனியா உக்காந்திருக்கும். அதான் மிஷின விட்டேன்."

"போன் பண்ணிச் சொல்ல என்னடா?"

"எப்ப வீட்டுக்கு வர்றேன்னு கேக்கும். எனக்கே தெரியாது."

மூன்று ஆட்டம் ஆடினான். படுமோசம். ஒரு காய்க்கு ஐந்து நிமிடம் தாடியைச் சொறிந்தான். மூன்றிலும் முதல் வாய்ப்பிலேயே உப்பைப் பிடித்தான், மூன்றிலும் தோற்றான். இரண்டு மணி நேரம் எஜே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு முறை அவர் கோப்பை தட்டில் லேசாக உரசியது.

பெக்தூர் நிமிர்ந்தான். "அபா, டீ ஆறிடும். குடிங்க" என்றான்.

எஜே இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

அவன் வேலைக்குப் போக வேண்டும் என்று இணைப்பை முடித்தான். நான் தீர்ப்புப் படிவத்தைத் திறந்தேன்.

"தடை நீக்கம்னு போட்டுடறேன் எஜே. பையன் சுத்தமா ஆடினான்."

"ஆமா. நிராகரின்னு போடு."

"எதுக்கு?"

"நீக்கிட்டா மறுபடி ஆறு மணிக்கு மிஷின் வரும்." திரை அணைந்திருந்தது, அவர் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது நாள் கழிச்சு வரலாம்னு விதி இருக்குல்ல."

கள்ளத்தைப் பிடித்தே வயிறு வளர்த்தவன் நான். அன்று முதல்முறையாக ஒரு பொய்த் தீர்ப்பு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு எழுதினேன்: "மீண்டும் பார்க்க வேண்டும்."