எருமேட்டுக்குத் தார்ப்பாய் போட்ட மாப்பிள்ளை

சில வருஷங்களுக்கு முன், ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை. பெருமுக்கல் மலையடிவாரத்தில் என் மாமியார் ஊர். அங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள்.

நான் மரக்காணத்து உப்பளத்துக்காரன். வெயில் காயும் வரை எங்களுக்கு வேலை. லீவு என்றால் மழைக்காலம்தான். அதனால் கல்யாணமாகி இருபது வருஷமாக ஆடிக் கூழுக்குப் போனதே இல்லை. "எங்கம்மாவுக்கு மாப்பிள்ளன்னு ஒருத்தர் இருக்காரான்னே ஊர்ல கேக்குறாங்க" என்று மனைவி சொன்னதால் அந்த வருஷம் கிளம்பினேன்.

அந்த வருஷம்தான் முதன்முதலாக நானே குத்தகைக்கு உப்புப் பாத்தி எடுத்திருந்தேன். வாரிய உப்பு என் உயரத்துக்கு அம்பாரமாக நின்றது. மூடுவதற்குக் கீற்று மறுநாள்தான் வரும். ஒரு நாள்தானே என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மாமியார் ஊரில் மழையே இல்லை. விதைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி, வாடித் தொங்கியது. சாமி முன்னால் மாமியார், "மாப்ள, நீங்க வந்த நேரமாச்சும் மழ பேயட்டும், நல்லா வேண்டிக்குங்க" என்றார். மாமியாரிடம் நிமிர்ந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை. தலையை ஆட்டிவிட்டு, 'தாயே, பெய்யறதுன்னா இந்த மலையோட நின்னுக்கோ' என்று வேண்டிக்கொண்டேன்.

வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் பந்தி. கூழும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டதில் கண் சொக்கியது. பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் தூங்கிப்போனேன்.

முகத்தில் சொத்தென்று ஒரு துளி விழுந்தது.

"மழடா! மூடுங்கடா!" என்று அலறிக்கொண்டு எழுந்தேன். கண் சரியாகத் திறக்கவில்லை, கை மட்டும் வேலை செய்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் இருந்த தார்ப்பாயை அவிழ்த்து இழுத்தேன். எதிரே மேடாக ஒன்று தெரிந்தது. ஒரே வீச்சில் அதை மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்து, காற்றுக்குத் தூக்காதபடி மேலே ஏறியும் உட்கார்ந்துவிட்டேன்.

வாசனை வந்த பிறகுதான் அது எருமேடு என்று தெரிந்தது.

நனைந்த தட்டோடு நின்ற மாமியார் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, எரு நனைஞ்சா தப்பில்லைங்க."

"இருவது வருஷமா வாயத் தொறக்காத மனுஷன், மழய வெரட்டவா தொறந்தாரு!" என்றார் ஒரு பெரியவர். பந்தியே சிரித்தது. வெட்கத்தில் எனக்குக் கீழே இறங்கக் கால் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்த என் மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"யம்மா, அவரு உப்ப மூடாம வந்துட்டாரு."

மாமியார் அப்போது இரண்டு கையையும் நீட்டி மழையை வாங்கிக்கொண்டிருந்தார். கையைச் சட்டென்று மடக்கினார். "டேய், வண்டிய எடுடா! அந்தத் தார்ப்பாயயும் சுருட்டிக்கோ!" என்று மகனை விரட்டினார்.

மச்சான் பைக்கை ஓட்ட, நாறும் தார்ப்பாயை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மழையும் கூடவே வந்தது. உப்பளத்துக்குப் போவதற்குள் அம்பாரத்தின் ஒரு பக்கம் கரைந்து சரிந்திருந்தது. "மாமா, எரு பட்ட பக்கம் மேல வரட்டும், இல்லன்னா ஒரு பய உன் உப்ப வாங்க மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே மச்சான் புரட்டிப் போட்டான். முக்கால்வாசி தப்பியது.

சாயங்காலம் மாமியார் போன் செய்தார். தன் ஊர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உப்பு இருக்குதுங்களா மாப்ள?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்குதுங்க. அங்க செடி நிமிந்துச்சிங்களா?" என்றேன்.

எத்தனையோ நாள் காத்திருந்து கிடைத்த மழை. அதில் நனைந்துகொண்டே, இது இன்னொருத்தருக்கு நஷ்டமாயிற்றே என்று மாமியார் பதறினாரே, ஒரு மழையை அப்படி அடுத்தவர் பக்கம் நின்று பார்க்க நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.