சனிக்கிழமை சுடாத ரொட்டி

பழவங்காடியில் பேக்கரி ஒன்றைத் தாண்டும்போது சூடான ரொட்டி வாசனை வந்தால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடும். வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்த யூதப் பெண்மணியின் ஞாபகம் வந்துவிடும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

கொச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே இஸ்ரேலுக்குப் போனவர். முழங்கால் வலிக்கு ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்திருந்தார். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா முறை வைத்துச் 'சேச்சி' என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாடியில் மாவு பிசைந்து, ஜடை மாதிரிப் பின்னி, பொழுது சாய்வதற்குள் எங்கள் கூடத்திலிருந்த மின்சார அடுப்பில் இரண்டு ரொட்டி சுட்டுக்கொள்வார். முட்டை கூடாது என்று நான் போட்ட நிபந்தனையை ஒரு வாரமும் மீறியதில்லை. சூரியன் மறைந்தால் அவருக்கு ஓய்வுநாள். சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பு, ஸ்விட்ச் எதையும் தொடமாட்டார்.

அவர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ரொட்டியை அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. இருட்டிய பிறகுதான் வந்தது. அவர் மாடியில் பிரார்த்தனையில் இருந்தார். பாவம், ரொட்டி இல்லாமல் என்ன செய்வார் என்று நானே அடுப்பைப் போட்டு, பொன்னிறமாகச் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டா சேச்சி. இப்போ சாப்பிடப் பற்றாது, கூடாது."

சுருக்கென்றது. "நான் தொட்டதுனாலயா?" என்று கேட்டே விட்டேன்.

"கை இல்ல சேச்சி, நாளாக்கும். எங்க பழைய கோயில் இடியாம இருந்த காலத்துல, ஓய்வுநாளுக்குத் தெய்வத்துக்கு மேசையில வைக்கிற பன்னிரண்டு ரொட்டியையும் முந்தின நாளே சுட்டு வெச்சிருவாங்க. தெய்வத்துக்கே அன்னைக்குச் சுட்டதில்ல. எனக்காகச் சுட்டதை நான் எப்படித் திங்க?"

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஆறவில்லை. மறுநாள் முழுக்க மாடிப் பக்கம் போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். இவ்வளவு நாள் பழக்கம் ஒரு ரொட்டியோடு போயிற்று என்றுகூட நினைத்தேன். ஆனால் அதை எறிய மனம் வரவில்லை.

சாயங்காலம் மூன்று நட்சத்திரம் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். வந்ததும் ரொட்டியைக் கேட்கவில்லை. ஒரு ரொட்டி வேகும் நேரம் காத்திருக்க வேண்டுமாம். ஓய்வுநாளில் நடந்த வேலையால் பலன் அடையக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம். கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "சேச்சி, என்ட ரொட்டி எவிடெ?" என்றார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சமையலறை அலமாரியிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நிலைப்படிக்கு வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் அங்கேதான் நிற்பார். மூன்று மாதமாகக் காப்பியைக்கூட நான் அங்கே நீட்டித்தான் கொடுத்திருக்கிறேன். வெளியார் எங்கள் சமையலறைக்குள் வருவதில்லை. அதை நான் யோசித்ததே இல்லை.

"உள்ள வாங்கோ," என்றேன்.

ஒரு காலைத் தூக்கியவர் நிறுத்திக்கொண்டு, "வராமோ சேச்சி? உள்ள வரலாமா?" என்று கேட்டார். என் கை பட்டதாலா என்று அவரிடம் கோபித்துக்கொண்டவள் நான். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.