கம்பவுண்டரைக் கேள்

கம்பவுண்டர் யோபுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மருந்துக்கு வருகிறவர்கள் சீசாவைக் கழுவாமல் நீட்டினால், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் திருத்தணியில் அவனுக்கு ஆகவே ஆகாதது ஒரு வழக்கம். யாருக்குக் கடிதம் வந்தாலும் தெருவே கூடி உட்கார்ந்து கேட்கும். ஒருத்தன் பெற்றவளுக்கு எழுதுவது ஊருக்குத் தண்டோராவா? என்ன அநியாயம்!

அந்த அநியாயத்துக்குக் குரல் கொடுப்பவனும் அவன்தான். எல்லம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் மகன் கஜபதி பட்டாளத்தில் லாரி ஓட்டினான், அஸ்ஸாம் பக்கம். அவன் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் யோபுவின் பாடு. கஜபதியை அவன் பார்த்தது ஒரே தடவை, பட்டாளத்துக்குப் போகுமுன் கால் புண்ணுக்கு மருந்து கட்டியபோது.

யுத்தம் நடந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி இருந்தது. "படிக்கிறவருக்கு: புண் ஆறிவிட்டது. கட்டின கை ஞாபகம் இருக்கிறது." யோபு அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. எல்லம்மாளின் பதிலுக்கு அடியில் தானும் எழுதினான்: "ஈரக் காலோடு பூட்ஸ் போடாதீர்கள்."

அப்படித்தான் வளர்ந்தது. 'நீங்கள்' போய் 'நீ' வந்தது. "லாரி ஓட்டும்போது நீ பக்கத்தில் இருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டே போகிறேன்" என்று அவன் எழுதினான். "பேச்சு சுவாரஸ்யத்தில் பள்ளத்தில் விட்டுவிடாதே. விட்டால் உன்னோடு பேசமாட்டேன்" என்று யோபு திட்டினான். ஆசையைக்கூட அவனுக்குத் திட்டித்தான் சொல்லத் தெரியும்.

யுத்தம் முடிந்தது. கஜபதி ஊர் திரும்பப் போகிறான் என்றதும் எல்லம்மாள் யோபுவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"எழுது தம்பி. கனகம்மாசத்திரத்து மாமன் பொண்ணு பத்மாவைப் பேசி முடிச்சாச்சு. ஆடிக் கிருத்திகை கழிஞ்சி, ஆவணில மலைமேல தாலி."

பேனா காகிதத்தைக் கிழிக்காதது ஆச்சரியம். மூன்று வருஷம் ஒரு மனுஷனைக் காகிதத்தில் வைத்துக் காப்பாற்றினவன், அவனை இன்னொருத்திக்குத் தாரைவார்த்து அதே கையால் எழுத வேண்டுமாம். யாரைக் கோபித்துக்கொள்வது? அவள் தாய், பாவம். அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எழுதினான். அடியில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

பதில் வந்த அன்று பெண்ணின் அப்பா ஆதிகேசவனும் வந்திருந்தார். தெருவும் வந்திருந்தது. யோபு உறையைப் பிரித்து முதலில் மனசுக்குள் படித்தான். அவன் முகம் சிவந்தது. படுபாவி, செய்கிற காரியமா இது? இதை விட்டுவிட்டுப் படித்தால் நாளைக்கே பந்தல்கால் நட்டுவிடுவார்கள்.

"இன்னா நிறுத்திட்ட? படி" என்றாள் எல்லம்மாள்.

படித்தான். "அம்மா, இதைப் படிக்கிற கம்பவுண்டரைக் கேள். அவர் கட்டிக்கொள் என்றால் கட்டிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் எனக்கு இந்த ஜன்மத்தில் கல்யாணம் வேண்டாம்."

ஆதிகேசவன் எழுந்தார். "நம்ம வூட்டு விஷயத்துல இவன் யாரு?"

"எம்புள்ள கேக்கச் சொல்றான், கேக்கறேன். நீ குந்துண்ணா." எல்லம்மாள் திரும்பினாள். "சொல்லு தம்பி."

"வேணாம்மா."

ஆதிகேசவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. எல்லம்மாள் யோபுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கோபத்தில்தான் என்று அவன் சொல்வான்.

"நான் போயிட்டா அவனுக்கு ஒருவாய் கஞ்சி ஊத்த ஆள் வேணும்" என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான் கேட்டுக்கினு இருக்கேன். யாரு ஊத்துவா?"

"நான் ஊத்தறேன்" என்றான் யோபு, தெருவுக்கே கேட்கும்படி.