கடைசி ஸ்டாப்பிங் எங்க வீடு

ஊர்ப் பிள்ளைங்களை கிளாஸ் கிளாஸா ஏத்தி எறக்குறவனுக்கு, சொந்தப் பிள்ளையோட மொகம் டிரைவர் கண்ணாடியிலதான் தெரியும். திண்டிவனத்துல ஆம்னி வேன் ஓட்டி நான் கத்துக்கினது இது ஒண்ணுதான். ஸ்கூல் விட்டதும் இந்தி, அபாகஸ், கராத்தே, பரதநாட்டியம், கீபோர்டுன்னு சாயங்காலம் பூரா பிள்ளைங்களை அள்ளிக்கினு சுத்துவேன். எம்பொண்ணு ஜெசியும் அதே வண்டியிலதான். அவ அம்மா அமலா விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. மதியம் போனா, ஜெசி தூங்கினப்புறம்தான் வருவா. வீட்டுல தனியா விடறதுக்குப் பதிலா பொண்ணு நம்ம கூடவே இருக்கட்டும், நாலு வார்த்தை பேசிக்கினே போலாம்னுதான் அந்த வேனையே வாங்கினேன். பையை மாட்டி பிள்ளையை வண்டியேத்தி அனுப்பிட்டு, காலி வீட்டுக்குள்ள திரும்பிப் போன அம்மா அப்பாங்களே, உங்க கிட்டதான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை பேஜாரு

பிரவீன்னு ஒரு பையன், மூணாவது படிக்கிறான். அவனுக்கு செவ்வாய்னா இந்தி, புதன்னா அபாகஸ். ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஜல்தியா போற அவசரத்துல, அவனை அபாகஸ் வாசல்ல எறக்கிவிட்டுட்டேன். அவனும் பேசாம உள்ள போய் உக்காந்துக்கினான். டீச்சர் புதுசு, அவங்களும் கேக்கல. திரும்பக் கூட்டிக்கினு வரும்போதுதான் எனக்கே உறைச்சுது. "ஏன்டா, இது இந்தி கிளாஸ் இல்லன்னு உனக்குத் தெரியலயா?"ன்னு கேட்டா, "நீங்க எறக்கிவிட்டீங்க, நான் எறங்கினேன்"னான்.

அவங்க வீட்டுல செம டோஸ் விழும்னு பயந்துக்கினுதான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவங்கப்பா டிவியில இருந்து திரும்பி என்னைப் பார்த்தாரு. "பரவால்லங்க, ஏதோ ஒரு கிளாஸ்ல இருந்தான்ல, அது போதும்."

வண்டிக்குள்ள சாப்பாடு

சுமதின்னு ஒரு அம்மா, துணிக்கடையில பில் போடுறவங்க. சாயங்காலம் டீ குடிக்க விடுற நேரத்துல, டீ குடிக்காம டிபன் டப்பாவோட வந்து கடை வாசல்ல நிப்பாங்க. டான்ஸ் கிளாஸ்ல இருந்து இந்தி கிளாஸ் போற வழியில வண்டியில ஏறி, அவங்க பொண்ணுக்கு எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ ஊட்டிக்கினே வருவாங்க. அந்தப் பொண்ணு மிஸ் திட்டுனது, பென்சில் தொலைஞ்சது எல்லாத்தையும் வாய்ல சோத்தோட கொட்டும். மத்த பிள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு வாய் உண்டு, எங்க ஜெசிக்கும்தான். அம்மா கையால ஜெசி வாரநாள்ல சாப்பிட்டதுன்னா அதான், அதுவும் அடுத்தவங்க அம்மா.

ஒருநாள் அவங்க கடைக்கு சீக்கிரம் திரும்பணுமேன்னு, கூட்டமே இல்லாத பைபாஸ் பக்கமா வண்டியை விட்டேன். நல்லது பண்றோம்னுதான் நெனைச்சேன். டப்பால பாதி சோறு அப்படியே இருக்கு, அதுக்குள்ள இந்தி கிளாஸ் வந்துட்டுது. எறங்கும்போது சொன்னாங்க: "ண்ணா, நாளையில இருந்து மார்க்கெட் வழியாவே போங்க, அங்கதான் நல்லா டிராபிக் ஆவும்."

ரயில்வே கேட்டு

கேட்டு சாத்துனா ஊரே கேட்மேனைத் திட்டும். என் வண்டியில மட்டும் கார்த்தின்னு ஒருத்தன் ஜன்னல் பக்கம் போய் ஒட்டிக்குவான். அவங்கப்பா ரயில்ல கார்டு. விழுப்புரத்துல தங்கிக்கினு, எப்பவாவதுதான் வீட்டுக்கு வருவாரு. சாயங்கால பாசஞ்சர்ல அவர் டூட்டின்னா, கடைசிப் பெட்டியில பச்சைக் கொடியைப் பிடிச்சுக்கினு நிப்பாரு. கொடி கேட்மேனுக்கு, இன்னொரு கை கார்த்திக்கு. வண்டியில இருக்கிற எல்லா பிள்ளைங்களும் சேர்ந்து கையாட்டும். அவருக்கு எத்தினி பிள்ளைங்களோன்னு பக்கத்து லாரிக்காரன் கேட்டிருக்கான்.

ஒருநாள் கீபோர்டு கிளாஸ் சீக்கிரம் விட்டுட்டாங்க. கேட்டு தொறந்து கெடந்துது. அடிச்சுது யோகம்னு ஒரே அழுத்துல தாண்டிட்டேன். கொஞ்ச தூரம் வந்தப்புறம் பின்னால ரயில் சத்தம் கேட்டுது. கார்த்தி பின்கண்ணாடியில மூஞ்சியை வெச்சுக்கினு இருந்தான். வீட்டு வாசல்ல எறங்கி, கதவைச் சாத்திட்டுத்தான் கேட்டான்: "அங்கிள், கேட்டு சாத்துனப்புறம் வந்திருக்கலாம்ல?"

முன் சீட்டு

முதல்ல ஜெசி எம்பக்கத்துல, முன் சீட்டுலதான் உக்காருவா. "காசு குடுக்கிற பிள்ளைங்க பின்னால நெருக்கிக்கினு வருது, டிரைவர் பொண்ணுக்கு முன் சீட்டா?"ன்னு ஒரு வீட்டுல கேட்டுட்டாங்க. அன்னையில இருந்து அவளைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிட்டேன். முதல்ல ஏறுவா, கடைசியில எறங்குவா. எல்லாரும் அங்கிள்னுதான் கூப்பிடுவாங்க, அவளும் அப்படியே பழகிக்கினா. கண்ணாடியில பார்ப்பேன். பாதி நேரம் தூங்கிக்கினு இருப்பா.

எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். சர்ச்சுல காலைப் பூசை முடிச்சு வந்து, கறிக்குழம்பு வெச்சு, மூணு பேரும் தரையில உக்காந்து ஒண்ணா சாப்பிடுவோம். வாரம் பூரா அதுக்காகத்தான் ஓடுனேன்னு சொல்லலாம். அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை, நான் அவ தட்டுல குழம்பு ஊத்துறேன். தட்டைப் பார்த்துக்கினே கையை நீட்டித் தடுத்து ஒண்ணு சொன்னா. அமலா விழுந்து விழுந்து சிரிச்சா, நானும் சிரிச்சேன். அப்புறம் வண்டி தொடைக்கணும்னு சொல்லிட்டு வெளிய வந்து, கதவைச் சாத்திக்கினு ஜெசியோட கடைசி சீட்டுல உக்காந்துக்கினேன். அவ சொன்னது இவ்வளவுதான்: "போதும் அங்கிள்."

கூட்டேரிப்பட்டு

பத்தாவது வந்ததும் ஞாயித்துக்கிழமையும் போச்சு. விழுப்புரத்துல ஸ்பெஷல் கிளாஸ். ஆனா வண்டியில நாங்க ரெண்டு பேர் மட்டும், முன் சீட்டு மறுபடியும் அவளுக்கு. வழியில கூட்டேரிப்பட்டுல நிறுத்தி வேகவெச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்குவேன். நான் உரிச்சுக் குடுக்க, அவ கண்ணை மூடிக்கினே தின்னுவா. பேச்செல்லாம் அதிகம் கெடையாது. அந்த ரோடு இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கும்.

இப்ப ஜெசி சென்னையில கம்பெனி வேலையில இருக்கா. அமலாவுக்கு இன்னும் அதே மதிய டூட்டி. சாயங்காலமானா வீட்டுல நானும் ஃபேனும்தான். ஜெசி தினமும் போன் பண்ணுவா, ஆபீஸ் வண்டியில இருந்து மட்டும்தான். ஹாரன் சத்தத்துக்கு நடுவுல மிஸ்ஸு திட்டுன மாதிரி மேனேஜர் திட்டுனது, பென்சில் தொலைஞ்ச மாதிரி ஐடி கார்டு தொலைஞ்சது எல்லாம் சொல்லுவா. ரூம் வந்ததும் வெச்சிடுவா. ஒருநாள் கேட்டுட்டேன், "ரூமுக்குப் போயி நிம்மதியா பேசலாம்லம்மா?"ன்னு. அதுக்கு அவ சொன்னா: "இல்லப்பா, வண்டியில உக்காந்தாதான் எனக்கு உன்கிட்ட பேச வருது."

வேனை வித்து வருஷமாவுது, எங்க குடும்பம்தான் இன்னும் அதுல இருந்து எறங்கல.