ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ்

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் முதல் மழை விழுந்த ஒரு ஜூன் மாதக் காலையில் நடந்தது இது. அப்போது நான் மாட்டுங்காவில் அண்ணா, மன்னியோடு தங்கியிருந்தேன். செம்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை. தினமும் ரயில் மாறிப் போய்வந்து அலுத்துப்போய், தாதரில் ஒரு மெக்கானிக்கிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மூன்று வாரம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி லைசென்ஸும் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு என் தலைகால் தெரியாத மிதப்பைப் பார்த்து அண்ணாவே சிரிப்பார்.

எங்கள் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவர்களுக்குத் தோல் கிளவுஸ் தாராவியிலிருந்து வரும். அதைத் தைத்துக் கொண்டுவருகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஆபீஸில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒருநாள் நான் வண்டியை விட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன சார், வெறுங்கையோடயா ஓட்டுதிய? விழுந்தா மொதல்ல கைதான ஊனுவிய. டைப் அடிக்க கை வேண்டாமா?"

நான் விழுவதாக உத்தேசம் இல்லை என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் என் இரண்டு கைகளையும் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு ஜோடி வந்தது. தடிமனான மாட்டுத் தோல். உள்ளங்கையில் இரட்டை மடிப்பு வைத்துத் தைத்திருந்தார். எனக்கென்றே அளவெடுத்துச் செய்த பொருள் என்று அதுவரை எதுவும் இருந்ததில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மன்னி அதைக் கண்ணால் பார்த்ததுமே, "அதை வாசல் ஆணியிலேயே மாட்டிடு. தொட்ட கையை நன்னா அலம்பிண்டு உள்ளே வா" என்றாள். அண்ணாவின் மணிபர்ஸும் தோல்தான், கைக்கடிகார வாரும் தோல்தான், கோயிலில் வாசிக்கிற மிருதங்கமும் தோல்தான். அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் அது சரியாகவே பட்டது.

அந்த ஜூனில் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்டை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர், இடம் ஒன்று. காலை பத்து மணிக்கு வேகப் பரீட்சை, யார் வேகமோ அவருக்கு வேலை. மற்றவரைவிட நான் வேகம் என்பது எல்லோருக்கும் தெரியும். பரீட்சையன்று குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு, பூவும் குங்குமமும் மடித்த பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியருகே வந்தேன். மழை தூற ஆரம்பித்திருந்தது.

இடது கையில் கிளவுஸை மாட்டினேன். வலது கையைத் தூக்கியபோது தயக்கம் வந்தது. தீர்த்தம் வாங்கின கை, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. அதைத் தோலுக்குள் எப்படி விடுவது? அதுவும் இன்றைக்கு? யாரும் என்னிடம் கூடாது என்று சொல்லவில்லை. நானே தீர்மானித்தேன். வலது கை கிளவுஸைப் பேண்ட் பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

முதல் மழையில் பம்பாய் ரோடு எப்படியிருக்கும் என்று மைதானத்தில் ஓட்டிப் பழகினவனுக்கு எங்கே தெரியும்? கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரில் குழைந்து மெழுகிவிட்ட மாதிரி கிடந்தது. சயான் தாண்டுகிற இடத்தில் சந்திலிருந்து மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று வெளியே வந்தது. வலது கையால் முன் பிரேக்கை அப்படியே இறுக்கிப் பிடித்தேன். வண்டி படுத்துவிட்டது. நான் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் அழுத்தியபடி, அப்பளம் இடுகிறவர் மாதிரி முன்னால் தேய்த்துக்கொண்டே போனேன். தலை தரையில் படவில்லை. அது வெறும் அதிர்ஷ்டம். தலைக்கும் ஒரு கவசம் வேண்டும் என்ற நினைப்பே அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடையாது.

எழுந்து உட்கார்ந்து கைகளைப் பார்த்தேன். இடது கையில் கிளவுஸின் மேல் மடிப்பு கிழிந்து தொங்கியது. கழற்றினேன். உள்ளே கை அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் அடி வரைக்கும் தோல் உரிந்து, சதைக்குள் பொடிக்கல் ஏறியிருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை.

கைவண்டிக்காரர் மராட்டியர். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். டீக்கடையில் தண்ணீர் வாங்கி என் கையில் ஊற்றினார். பிறகு தன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டுப் போட்டார். போடும்போதே கிளவுஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, பம்பாய் இந்தியில், "ஏக் ஹாத் மே பெஹ்னா, தூஸ்ரே மே காய்கோ நஹி பெஹ்னா?" என்றார். ஒரு கையில் போட்டவன் இன்னொரு கையில் ஏன் போடவில்லை என்கிறார். நியாயமான கேள்வி. நான் கிழிந்த கிளவுஸையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டேன். இரண்டு வண்டிகளையும் டீக்கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டாக்ஸியைக் கைதட்டி நிறுத்தி, ஆஸ்பத்திரி வரை கூடவே வந்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்குப் பரீட்சை நடந்தது. நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலை மற்றவருக்குப் போயிற்று. என்னை அனுப்பிவிடாமல், கை ஆறும்வரை கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் வைத்தார்கள். வீட்டில் மன்னி தட்டில் சாதத்தைப் பிசைந்து ஒரு ஸ்பூனைப் போட்டு, "பரவாயில்லை, இடது கையாலேயே சாப்பிடு" என்றாள். தோலுக்குள் இருந்த கையால்தான் ஒன்றரை மாதம் சாப்பிட்டேன். யாருக்கும் எந்தத் தீட்டும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்தார். கட்டைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "கிளவுஸ் எங்க சார்?" மேஜை டிராயரிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். கிழிந்த இடது கிளவுஸை விரலால் தடவிப் பார்த்தார். வலது கிளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது புதுசாக இருந்தது.

"இதுல போனது மாட்டுத் தோலு. அதுல போனது உங்க தோலு" என்றார். பிறகு, "ஏன் சார், ஒண்ண மட்டும் போடல?"

"அவசரத்துல மறந்துட்டேன்" என்றேன்.

என் நெற்றியைப் பார்த்தார். அன்றும் விபூதி இட்டிருந்தேன். "கோயிலுக்குப் போயிட்டு வந்தியளோ?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. தலையை ஆட்டினேன். அவர் பழைய ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கட்டுப் பிரித்த வாரம் ஒரு புது ஜோடியோடு வந்தார். உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தது. "புண்ணுல தோலு ஒரசப்படாதுல்லா, அதான் துணி வச்சிருக்கேன்" என்றார். நான் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அவர் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. இரண்டு கைக்கும் துணி வைத்திருந்தார். என் இடது கையில் புண் இல்லையே.

அன்று அவர் பின்னால் ஓடி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு சொல்வதற்குச் சந்தர்ப்பங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசினேன். என் சுண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. அதைப் பார்க்கும்போது எனக்கு விபத்து ஞாபகம் வருவதில்லை. என் கையைக் காப்பாற்றிய தோலைத் தீண்டக்கூடாது என்று நினைத்த எனக்காக, ஒரு மனிதர் உட்கார்ந்து தைத்த அந்த வெள்ளைத் துணிதான் ஞாபகம் வருகிறது.