மூன்று மடிப்புப் பாவாடை

பள்ளிச் சீருடை விற்கிறவனை ஓகஸ்ட் மாதத்தில் ஊரே தேடும். மற்ற மாதங்களில் அவனும் கொழுக்கியில் தொங்கும் ஓர் உருப்படி. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும்.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது சப்பாத்துக்கு வெள்ளை பூசவில்லையென்று என்னை வெயிலில் நிறுத்தினார்கள். இரண்டாவது, அதைக் கண்டித்து நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தைத் தோழர்கள் தங்கள் பெயரில் அச்சடித்தார்கள். மூன்றாவது, மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில் சங்கம் கட்டினேன்; வேலை போனது. நான்காவது, சங்கம் வென்றது. வெற்றிக் கூட்டத்தில் கோப்பி ஊற்றியவருக்குக்கூட நன்றி சொன்னார்கள், என் பெயர் வரவில்லை. ஐந்தாவது, இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சீருடைக்கு மாற, 'சீருடை ஒழிக' என்று எழுதிய கை அதற்கே விலைச்சீட்டுக் குத்தத் தொடங்கியது.

புரட்சியும் சைஸும்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் யோகா, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு வந்து நீலப் பாவாடை கேட்டாள். நான் சும்மா எடுத்துக் கொடுப்பேனா? சீருடை என்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் வரிசையில் நிற்கப் பழக்கும் ஏற்பாடு என்று தொடங்கி, இராணுவம், சிறைச்சாலை என்று ஒரு சுற்று வந்தேன். பின்னறையில் முதலாளி இருமினார். யோகா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணை, சீருடை இல்லாட்டி எங்கட வீட்டில ஒவ்வொரு விடியவும் உடுப்புச் சண்டை. புரட்சியைப் பேந்து செய்வம். இப்ப இவளுக்கு ரெண்டு சைஸ் பெரிசா ஒண்டு எடுங்கோ."

சமத்துவம்

தாரணி பாவாடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளிடமே கேட்டேன்: ஒரே உடுப்புப் போட்டால் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வித்தியாசம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? அவள் கண்ணாடியிலிருந்து திரும்பவேயில்லை.

"இல்லை அங்கிள். உடுப்பு ஒண்டெண்டா எல்லாரும் சப்பாத்தைத்தான் பாப்பினம்."

அக்கோர்டியன்

யாழ்ப்பாணத்துத் தாய்க்கு அளவான பாவாடையை விற்கவே முடியாது. பெரிதாக வாங்கி, உள்பக்கமாக மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளர வருடத்துக்கு ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். யோகா மூன்று மடிப்புக் கேட்டாள். எங்கள் கடைத் தையற்காரி ஜினெட்டுக்கு இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதே தெரியாது, தைக்க மறுத்துவிட்டாள். ஊர்வலப் பதாகைகள் தைத்துப் பழகிய கை என்னுடையது. நானே தைத்துக் கொடுத்தேன். ஜினெட் அதைத் தூக்கி, துருத்தி வாத்தியம் வாசிப்பவள்போல இழுத்துப் பார்த்தாள்.

"மெஸ்யூ, இது பாவாடையா, அக்கோர்டியனா?"

நீலக் கோடு

இரண்டு மடிப்பு அவிழ்ந்த வருடம் யோகா ஆஸ்பத்திரித் துப்புரவு யூனிபோர்மோடு வேலையிலிருந்து நேரே ஓடிவந்தாள்; பின்னால் தாரணி. பாவாடை நல்ல பாவாடைதான், ஒரு நூல் போகவில்லை. ஆனால் மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி வெளுக்கவில்லை. கீழே இரண்டு கருநீலக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பள்ளி அதைச் 'சீருடையில் மாற்றம் செய்த குற்றம்' என்றது. குற்றம் செய்த பிள்ளைகளின் பெயரை வெள்ளிக்கிழமை காலையில் ஒலிபெருக்கியில் எல்லா வகுப்புக்கும் கேட்க வாசிப்பார்கள். இந்த வெள்ளி தாரணியின் முறை. அன்றைக்குப் பள்ளிக்குப் போகமாட்டாள், அதற்குப் பிறகும் போகமாட்டாள் என்று அழுதாள். ஒரு பெயர்தானே பிள்ளை என்று நான், அதுவும் நான், சொல்லிவிட்டேன்.

"என்ர பேரை அவையள் சொல்லுற விதத்துக்கே வகுப்பு சிரிக்குது, அங்கிள். இனிக் காரணத்தோட சிரிக்கும்."

இரண்டு நிமிடம்

நல்லகாலம், வியாழன் மாலை பெற்றோர் கூட்டம் இருந்தது. சீருடை கொடுக்கும் கடைக்காரர் என்று சொல்லி உள்ளே போனேன். யோகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "அண்ணை, நீங்கள் கதைச்சா பிள்ளையைப் பள்ளியால கலைச்சுப்போடுவினம்!" பிரெஞ்சில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பள்ளி அதிபர் அம்மா புன்னகையோடு இரண்டு நிமிடம் தந்தார். மூன்று பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன். எனக்கு அது சின்ன இழப்பல்ல.

"மேடம், மாற்றம் செய்தது குற்றமென்றால், செய்தவன் நான். ஊசி பிடித்தது இந்தக் கை. பிள்ளை செய்த ஒரே காரியம் வளர்ந்தது. நாளைக்குப் பெயர் வாசிப்பதென்றால் என் பெயரை வாசியுங்கள்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஒரு ஹெயிட்டித் தாய் எழுந்து, தன் மகனின் காற்சட்டையிலும் அதே கோடு இருக்கிறது, அவனையும் வாசிப்பீர்களா என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அதிபர் பக்கத்திலிருந்தவரோடு குசுகுசுத்தார். பிறகு, மடிப்புக் கோடு இனிக் குற்றமல்ல, தாரணியின் பெயர் நாளைக்கு வராது என்றார். யோகா என் சட்டையை விட்டாள். கூட்டக் குறிப்புக்காக முறைப்பாடு செய்தவரின் பெயர் வேண்டும் என்றார்கள். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதிபர் கண்ணாடியைச் சரிசெய்து, மண்டபம் முழுவதும் கேட்க, ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல வாசித்தார்.

"மெஸ்யூ… கா… நா… கா… சா… பா… பா… தீ?"

சீருடை நியாயமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அதை எதிர்த்தவனின் பெயரைச் சபையில் முதன்முதலாக வாசிக்க வைத்தது, அதே சீருடையில் அவன் தைத்த மூன்று மடிப்புத்தான்.